பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவே

"ஆசான், ஒரே ஒரு தடவை அந்த லிஃப்ட் கதவை நான் திறந்து விட்டுரட்டுமா?"

கேட்டவர் சோலையப்பன். ஐம்பத்தாறு வயது. விருதுநகர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். பஸ் ஒரு நிமிடம் பிந்தினாலும் நோட்டில் ஏற்றாமல் விடமாட்டார். முறை என்றால் அவருக்கு முறைதான்.

ஆசான் என்று அவர் கூப்பிட்டது சபூராவை. முப்பத்தொரு வயது. திண்டுக்கல்லில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பார்த்து பவர் சொல்கிற வேலை. அந்தக் கடைக்குத்தான் அவர் பஸ் ஏறி வந்திருந்தார்.

அவர்கள் பேசிய லிஃப்ட் பூமியில் இல்லை. மரகதம் என்ற விண்கலத்தில் இருந்தது. நாற்பது பேர் சேர்ந்து இணையத்தில் எழுதிவரும் கதை அது. ஆளுக்கொரு பாத்திரம். பெரிய கதையில் போர் நடக்கும், கிரகம் வெடிக்கும். அதற்குப் பக்கத்திலேயே 'சில்லறைக் கதைகள்' என்று ஒரு பகுதியை சபூரா நடத்திவந்தாள். அங்கே யாரும் சாகக் கூடாது. சாம்பார் கொட்டலாம், சலவைத் துணி மாறிப்போகலாம். அவ்வளவுதான்.

அங்கே இரண்டு விதி. அடுத்தவர் பாத்திரத்தை நாம் அசைக்கக் கூடாது. அடுத்தவர் எழுதாமல் நாம் மறுபடி எழுதக் கூடாது.

சோலையப்பனின் பாத்திரம் பரசு, கலத்தின் சமையல்காரன். சாம்பார் அண்டாவோடு லிஃப்டில் ஏறினான். பதினான்காம் தளத்துக்கும் பதினைந்தாம் தளத்துக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. கூட மாட்டிக்கொண்டவள் அமுதினி, விதைக் கிடங்குக்காரி.

அமுதினியை எழுதுகிறவரின் புனைபெயர் கடல்பாசி. எந்த ஊர், என்ன வயது, யாருக்கும் தெரியாது. தனியாக இருக்கிறேன் என்று மட்டும் ஒருமுறை சொல்லியிருந்தார்.

அவர் எழுதி இருபத்தேழு நாள் ஆகிவிட்டது.

"இன்னும் மூணு நாள்ல நீங்க அந்த வரியைப் போட்டுருவீங்க" என்றார் சோலையப்பன்.

முப்பது நாள் எழுதாதவரின் பாத்திரத்தை 'வேறு கலத்துக்கு மாற்றலாகிப் போனாள்' என்று ஒரே வரியில் வழியனுப்பிவிடுவது அங்கே வழக்கம்.

"போடத்தான் வேணும்" என்றாள் சபூரா.

"எனக்குப் பயமா இருக்கு ஆசான். ஒருவேளை அவங்க செத்துக் கித்துப் போயிருந்தா? விழுந்து கிடந்தா? யாருக்குத் தெரியும்? நாலு நாளா சோறு இறங்கலை."

"விசாரிச்சீங்களா?"

"எப்படி விசாரிக்க? தனியாச் செய்தி அனுப்ப நம்ம இணையதளத்துல வழியே இல்லையே. அதான் கேக்குறேன். கதவைத் திறந்து, அந்தப் பொண்ணைப் பத்திரமா வெளிய கொண்டுவந்து விட்டுருறேன். அந்த அளவுக்காச்சும் என் மனசு அடங்கும்."

"நடந்து வர்றதுக்கு அவங்க காலை நீங்கதானே அசைக்கணும்?"

சோலையப்பன் மேஜைமேல் இருந்த கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடினார்.

"அவங்க கடைசியா என்ன எழுதினாங்க? படிங்க."

போனை எடுத்தார். பார்க்காமலே சொல்லியிருப்பார், அத்தனை தடவை படித்தாகிவிட்டது.

"விளக்கு அணைந்தது. 'பேசிக்கிட்டே இருங்க' என்றாள் அமுதினி."

"அதுக்கு நீங்க?"

"'பயப்படாதீங்க' என்றான் பரசு."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல அவங்க முறை. காத்துக்கிட்டு இருக்கேன்."

சபூரா எழுந்தாள். "உள்ள வாங்கண்ணே. கண்ணைப் பார்த்துருவோம்."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு."

அவள் அதற்குள் பரிசோதனை அறைக்குள் போய்விட்டாள்.

சின்ன அறை. ஜன்னல் கிடையாது. அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். கதவைச் சாத்தினாள். விளக்கை அணைத்தாள்.

எழுத்துப் பலகையில் வெளிச்சம் வரும் என்று பார்த்தார். வரவில்லை.

"ஆசான்?"

பதில் இல்லை.

வெளியே கடைத்தெரு இருக்கிறது, பட்டப்பகல், இது திண்டுக்கல் என்றெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் இன்னொரு கதவு வழியாகப் போய்விட்டாளோ என்று தோன்றியது. இன்னொரு கதவு இருந்ததா என்று நினைவில்லை.

"இருக்கீங்களா? ஏதாச்சும் சொல்லுங்க."

"பயப்படாதீங்க" என்றது இருட்டுக்குள்ளிருந்து குரல்.

மூச்சு வந்தது. அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

அடுத்த வார்த்தை வரவே இல்லை.

முன்பைவிட இப்போதுதான் பயம் கூடியது. ஆள் இல்லாத இருட்டு வேறு. ஆள் இருந்துகொண்டே பேசாத இருட்டு வேறு.

"ஆசான்!" எழுந்தவருக்கு முழங்கால் எதிலோ இடித்தது.

விளக்கு எரிந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள் சபூரா.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றார்.

"ஒரு நிமிஷம்."

சோலையப்பன் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"முறை தப்பி எழுதலாமா?"

"வெளிய ரெண்டு பேர் காத்திருக்காங்கண்ணே" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே எழுதினார்: 'பரசு பேசிக்கொண்டே இருந்தான். சாம்பாரில் முருங்கைக்காய் கொஞ்சம் முற்றல் என்றான்.'

அடுத்து பெருங்காயம் பற்றி. அடுத்து பரசுவுக்கு வராத தூக்கம் பற்றி. பஸ் மதுரை தாண்டுவதற்குள் பதினொரு பதிவு.

குழுவில் ஒருவர், 'சார், முறை?' என்று கேட்டார். சபூரா அந்தப் பதிவுகளை நீக்காமல் விட்டாள்.

இருபத்தெட்டாம் நாள் பதில் இல்லை.

இருபத்தொன்பதாம் நாள் எழுதினார்: '"எனக்கும் இருட்டுன்னா ஆகாது. ஆம்பளையா லட்சணமாச் சொல்லாம இருந்தேன்" என்றான் பரசு.'

பதில் இல்லை.

முப்பதாம் நாள். மாலை ஆறு மணிக்கு அந்த வரி விழும். டிப்போவில் அன்று மூன்று பஸ் பிந்தி வந்தன. எதையும் நோட்டில் ஏற்றவில்லை.

ஐந்தே முக்காலுக்கு எழுதத் தொடங்கினார்: '"வேலைக்குச் சேர்ந்த மொத நாள்" என்றான் பரசு. "நானூறு பேருக்குச் சாம்பார். உப்புன்னு நெனச்சு ரெண்டு கிலோ சர்க்கரையை அள்ளிப் போட்டுட்டேன். கேப்டன்தான் மொதக் கரண்டி. வாயில வச்சார். என்னை நிமிந்து பார்த்தார்."'

அதற்கு மேல் விரல் ஓடவில்லை. இதைக் கேட்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்தார். அந்த மட்டோடு அனுப்பிவிட்டு, மேஜைமேல் போனைக் கவிழ்த்தார்.

ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது.

போன் ஒருமுறை அதிர்ந்தது. சபூராவின் வரிதான் என்று கண்ணை மூடிக்கொண்டே திருப்பினார்.

'"அப்புறம்?" என்றாள் அமுதினி.'