ஈரம் காயாத அறை

கோமதிநாயகம் துடைத்த தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று ஆற்றங்கரைத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது அவரேதான் என்பது வேறு விஷயம். ஆனால் பொய் கிடையாது.

திருநெல்வேலியில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு மனசு ஒரு நிலைக்கு வராமல் பூரணத்தம்மையிடம் சீடராக வந்து சேர்ந்தார். அம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். அவர் "அம்மா" என்று கூப்பிடுவார். அம்மை அவரை "அண்ணாச்சி" என்று கூப்பிடுவார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு கூச்சமும் இல்லை.

அம்மை இருந்தது மடமும் இல்லை, ஆசிரமமும் இல்லை. ஒரு கூடமும் சில அறைகளுமாகச் சாதாரண வீடு. மனசு நொந்தவர்கள் வந்து தங்குவார்கள், தெம்பு வந்ததும் கிளம்பிப் போவார்கள். காலையில் இருக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து வீட்டைச் சுத்தம் செய்வார்கள். அதற்குப் பிறகுதான் அம்மை பேச உட்காருவார்.

வந்த புதிதில் அந்தச் சுத்தத்தைப் பார்த்துக் கோமதிநாயகம் தலையில் அடித்துக்கொண்டார். ஒருத்தர் பெருக்கி முடித்த இடத்தில் இன்னொருத்தர் வந்து ஒட்டடை அடிப்பார். வாளி கிணற்றடியில் கிடக்கும், துணி கொல்லையில் காயும், பெருக்குகிற வாரியல் யார் கையில் என்று தேடுவதற்குள் பாதிக் காலை போய்விடும். துடைத்த தரையிலேயே துடைத்தவர் நடந்து வெளியே வருவார். இதெல்லாம் ஒரு வேலையா!

அந்த வேலையை அவர் கையில் எடுத்துக்கொண்டார். முதலில் ஒட்டடை, பிறகு ஜன்னல், கடைசியில்தான் தரை. அறைக்கு ஒரு வாரியல், ஆணியில் தொங்க வேண்டும். துடைக்கிறவர் உள்மூலையில் ஆரம்பித்துப் பின்னாலேயே நகர்ந்து வாசற்படியில் முடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக லாட்ஜில் அவர் கட்டிக்காத்த சட்டம் ஒன்று. தங்கினவர் வெளியே கால் வைத்ததும் அறைக்குள் வாரியல் நுழைந்துவிட வேண்டும்.

வீடு பளிச்சென்று ஆனது. ஒருநாள் அம்மையை அறை அறையாக அழைத்துப் போய்க் காட்டினார்.

"முன்னே உச்சிவெயில் வரைக்கும் இழுத்த வேலை. இப்போ காப்பி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிருது. பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன் அண்ணாச்சி. ரொம்ப நல்லாருக்கு."

"மிச்சம் பிடிச்ச நேரத்தை என்ன செய்யட்டும்? அதையும் நீங்களே சொல்லிருங்க."

"சொல்லுதேன்."

அவ்வளவுதான். அம்மை சொல்கிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று அவர் பழைய பல்தேய்க்கும் பிரஷை எடுத்து ஜன்னல் கம்பிகளின் இடுக்கைத் தேய்க்க ஆரம்பித்தார். அதிலும் அவருக்குப் பெருமைதான்.

அந்தச் சமயத்தில்தான் ஐயம்பெருமாள் வந்து தங்கினார். தென்காசிப் பக்கம் செங்கல் சூளை வைத்திருப்பவர். சூளையில் அவர் ஒரு அதட்டுப் போட்டால் லாரி டிரைவர்கூட பீடியைக் கீழே போட்டுவிடுவான். அப்பேர்ப்பட்ட ஆள் மதுரை ஆஸ்பத்திரி வாசல்வரை போய், பயந்து, ஊருக்குத் திரும்பி ஓடிவந்திருந்தார். நெஞ்சில் ஆபரேஷன். இனியும் தள்ளிப்போட்டால் அந்த நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் ஆனால் அம்மையும் அவரும் ஆற்றுப் படித்துறையில் போய் உட்கார்ந்திருப்பார்கள். என்ன பேசினார்களோ, ஒருநாள் காலையில் ஐயம்பெருமாள் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு பையைத் தூக்கினார்.

"போயிட்டு வாரேம்மா. மதுரை பஸ் இப்போ வந்துரும்."

அம்மை வாசல்வரை வந்து வழியனுப்பினார். கோமதிநாயகம் வரவில்லை. அவருக்குத்தான் அறை காலியாகிவிட்டதே.

வேட்டியை மடித்துக் கட்டி உள்ளே இறங்கினார். பாய் சுருண்டது. தலையணை வெயிலுக்குப் போனது. வாளித் தண்ணீரைச் சரித்து, பினாயில் விட்டு, உள்மூலையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். தண்ணீர் வாசற்படியைத் தாண்டும்போது அங்கே இரண்டு கால்கள் நின்றன.

ஐயம்பெருமாள். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார்.

"கண்ணாடிதானே? ஜன்னல்ல இருக்கு. அதையும் துடைச்சு வச்சிட்டேன்" என்றார் கோமதிநாயகம், முகமெல்லாம் சிரிப்பாக.

ஐயம்பெருமாள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். அப்படியே கூடத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தூக்கிட்டுப் போன வீட்டைத்தான் இப்படி உடனே கழுவி விடுவாங்க" என்றார். "நான் இன்னும் தெருமுனைகூடத் தாண்டலையே."

கோமதிநாயகம் தண்ணீர் தள்ளுவதை நிறுத்தி வாரியலை ஆணியில் மாட்டினார். ஊருக்குக் கிளம்பினவர் முதுகுக்குப் பின்னால் வீட்டைப் பெருக்கக்கூடாது, கழுவக்கூடாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. லாட்ஜில் யாரும் வீட்டைவிட்டுப் போவதில்லை, அறையைத்தான் காலி செய்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் அவருக்கு இது மறந்தே போயிருந்தது. மனைவியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிய அன்று, பின்னால் வீட்டுக்குள் தண்ணீர் ஊற்றின சத்தம் இப்போது காதில் கேட்டது.

"பஸ் போனா போகட்டும்மா. நான் போகல" என்றார் ஐயம்பெருமாள், வாசலில் நின்ற அம்மையிடம்.

அம்மை உள்ளே வந்தார்.

"அண்ணாச்சி, தரை காஞ்சிருச்சா?"

"இல்லம்மா."

"பரவால்ல."

ஒரு துணியை எடுத்து ஜன்னலோரம் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குத் தானே துடைத்தார். சுருட்டின பாயை விரித்தார். வெயிலில் கிடந்த தலையணையைக் கொண்டுவந்து போட்டார். தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்தார். பிறகு ஐயம்பெருமாளின் தோளில் கிடந்த துண்டை எடுத்து அறையின் கொடியில் போட்டார்.

"இது இங்கயே கிடக்கட்டும்."

"என்னம்மா செய்யுதீங்க?"

"இந்த அறைக்கு ஆள் வருது. அதுக்குத்தான் கழுவியிருக்கு."

"யார் வாரா?"

"நீங்கதான். ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரில விட்டதும் நேரா இங்கதான் வரணும். பச்சைப் புண்ணோட வாரவரை அழுக்குத் தரையில படுக்க வைக்க முடியுமா?"

ஐயம்பெருமாள் பாயைப் பார்த்தார். கொடியில் கிடக்கும் தன் துண்டைப் பார்த்தார்.

"அதுக்கு இன்னிக்கேவா?"

"எங்க அண்ணாச்சி எதையும் முந்திச் செய்யுற ஆளு" என்றார் அம்மை. "இப்படி ஒரு வேலைக்காரரை நீங்க இந்த ஜில்லாவிலேயே பாத்திருக்க மாட்டீங்க."

கேலியாகச் சொல்லவில்லை. பெருமையாகவே சொன்னார். கோமதிநாயகத்துக்குக் கண் கரித்தது, பினாயில் நெடியாலா என்னவோ.

திரும்பி வந்தவர் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும் என்பது வழக்கம். அம்மை கொடுத்தார். ஐயம்பெருமாள் செம்பைக் காலி செய்துவிட்டு, எழுந்து, ஈரத்தரையில் நடந்து போய் ஜன்னலிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"வந்து இந்தத் தரையிலதான் முகம் பாக்கணும் அண்ணாச்சி" என்றார் கோமதிநாயகத்திடம். பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

அவர் வாசல் தாண்டினதும் கோமதிநாயகம் அம்மையிடம் மெதுவாகச் சொன்னார். "நான் அவரு வருவாருன்னு நினைச்சுக் கழுவலையேம்மா."

"தெரியும்."

துடைத்த அறை முழுக்க ஐயம்பெருமாளின் மண்கால் தடம் பதிந்திருந்தது. கோமதிநாயகத்தின் கண் அதிலேயே நின்றது. கை தன்னால் ஆணிக்குப் போனது.

"இந்தத் தடத்தை மட்டும்..."

அம்மை அவர் கையிலிருந்து வாரியலை வாங்கிக்கொண்டார்.

"மிச்சம் பிடிச்ச நேரத்தை என்ன செய்யன்னு கேட்டீங்கள்லா அண்ணாச்சி?"

"ஆமாம்மா."

"அந்த நெஞ்சை வச்சுக்கிட்டு அவ்வளவு பெரிய பையைத் தூக்கிட்டுப் போறாரு. ஓடிப்போய் வாங்கிக்கிடுங்க. அடுத்த பஸ்ல ஏத்திவிட்டு, அது கண்ணுக்கு மறையுற வரைக்கும் நின்னுட்டு வாங்க."