தேதி மட்டும் இருந்த பக்கம்

பல்கலைக்கழக நூலகத்தின் மின் ஆவணக் காப்பகத்துக்கு மெர்சி புஷ்பம் பொறுப்பாளர். வயது முப்பத்தாறு. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த சிவசைலத்துக்கு அறுபத்திரண்டு; முப்பது வருடம் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். ஊர் ஊராக இரவல் வாங்கி வந்த பழைய நோட்டுகளை ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுப்பதுதான் வேலை. பக்கம் புரட்டிப் புரட்டி மனுஷனுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

“ஒண்ணும் எழுதாத பக்கத்தை எதுக்கு மேடம் ஸ்கேன் பண்ணணும்?”

“அட்டையில இருந்து அட்டை வரைக்கும் சார்,” என்றார் மெர்சி. எத்தனையாவது தடவையோ. அவருக்கும் அலுத்துவிட்டது.

சிவசைலம் தலையாட்டினார். ஆட்டிவிட்டு, வெற்றுப் பக்கங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். எது முக்கியம் என்று படித்தவருக்குத் தெரியாதா!

ஒரு செவ்வாய்க்கிழமை ஆவுடைத்தாய் என்ற எழுபது வயதுப் பெண் வந்தார். ஆற்றுத் தோணித்துறை நோட்டைப் பார்க்க வேண்டுமாம். அதில் நாளுக்கு ஒரு பக்கம். மேலே தேதி, கீழே அன்று தோணியில் அக்கரை போனவர்களின் பெயர்கள்.

“கார்த்திகை பன்னெண்டு, நான் பிறந்த நாளு. அம்மா பிரசவத்துல போயிட்டா. ‘அக்கரை மருத்துவச்சியக் கூட்டிவர துறைக்குப் போனேன், வெள்ளத்துல தோணி ஓடல’ன்னு அப்பா சொல்லுவாரு. அவன் வீட்டை விட்டே எறங்கலன்னு மாமா வீட்ல சொல்லுவாவ. அவியதான் என்னை வளத்தாவ. நானும் அப்பாவ நம்பல. கடைசி வரைக்கும் அவருகிட்ட பேசல.”

திரையில் பதினொன்றாம் தேதி வந்தது. அடுத்து பதினைந்து.

“நடுவுல கிழிஞ்சு போச்சா?” என்றார் ஆவுடைத்தாய்.

மெர்சி சிவசைலத்தைப் பார்த்தார். சிவசைலம் எழுந்து, திருப்பி அனுப்பக் கட்டி வைத்திருந்த நோட்டை அவிழ்த்தார்.

மூன்று பக்கம். மூன்றிலும் தேதி மட்டும் இருந்தது. ஒரு பெயர்கூட இல்லை.

ஆவுடைத்தாய் பன்னிரண்டாம் தேதியின் மேல் கையை வைத்தார்.

“ஓடலையே,” என்றார். “தோணி ஓடவே இல்லையே அப்பா.”

வெகுநேரம் அழுதார். சிவசைலத்துக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அவர் போன பிறகு சிவசைலம் சொன்னார்: “இதுக்கு முந்தி ஒன்பது நோட்டுலயும் இப்படித்தான் விட்டிருக்கேன் மேடம். எல்லாம் திருப்பிக் கொடுத்தாச்சு.”

மெர்சி திட்டவில்லை, திட்டத் தெம்பில்லை. மதியம் முழுக்க ஒவ்வொரு வீடாகப் போன் போட்டார். சாயங்காலம் ஒரு தாளை நீட்டினார். ஒன்பது விலாசம். ஆறு வீட்டில் நோட்டு இன்னும் இருக்கிறது. மூன்று வீட்டில் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள்.

“நாளைக்கே ஆறு வீட்டுக்கும் போறேன்.”

“ஒன்பதுக்கும் போங்க.”

“நோட்டு இல்லாத வீட்டுல போய் என்ன மேடம் செய்ய?”

“என்ன விட்டோம்னு அங்கதான் சார் முதல்ல போய்ச் சொல்லணும்.”