மணல் சொன்ன வழி

முன்னொரு காலத்தில், மன்னருக்கு ஆசையும் சபைக்கு ஆமாமும் என்றைக்கும் குறையாத ஒரு நாடு இருந்தது.

ஒருநாள் மன்னர் ஆற்றில் நீராடிக் கரையேறியபோது, காலில் ஒட்டிய மணலில் பொன் துகள்கள் மினுங்கின.

"நம் நாட்டில் எங்கோ பொன் விளைகிறது" என்றார். சபை ஆமென்றது. போன மாதம் "மகுடம் முன்போல் கனப்பதில்லை, நம் கழுத்து வலுத்துவிட்டது" என்று அவர் சொன்னபோதும் இதே சபைதான் ஆமென்றது.

கருவூல அதிபதி குலவர்த்தனர் எழுந்தார். விகடகவி மாடக்கண்ணுவைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஆற்றின் தொடக்கத்தில் இருக்கும் குன்றடியூர் மாடக்கண்ணுவின் சொந்த ஊர் என்பதும் அவருக்குத் தெரியும்.

"பெருமானே, ஆறு குன்றடியூர் மலையில் பிறக்கிறது. பொன்னும் அங்கிருந்துதான் வரவேண்டும். ஊரைக் காலி செய்து தோண்டிவிடலாம்."

"அங்கே குடியிருப்பவர்கள்?"

"எங்காவது போவார்கள். கால் இருக்கிறதே."

மாடக்கண்ணு கைகூப்பினார். "அதிபதியார் இருந்த இடத்திலிருந்தே மலையின் வயிற்றுக்குள் பார்க்கிறார். எனக்கு அந்தப் பார்வை கிடையாது. தோண்டுவதற்கு முன் ஆற்று மணலைக் கேட்டுக்கொண்டே போகலாமா, பெருமானே?"

"தாராளமாகக் கேட்கட்டும்" என்று சிரித்தார் குலவர்த்தனர். "ஆனால் பொன் எங்கே தொடங்குகிறதோ அங்கே உடனே தோண்ட வேண்டும். எவர் நிலமானாலும் சரி, எவர் தடுத்தாலும் சரி. இப்போதே ஆணையிடுங்கள். பிறகு தன் ஊர் என்று இவர் கண்ணைக் கசக்கக் கூடாது."

மன்னர் அப்படியே ஆணையிட்டார்.

மறுநாள் காலை மன்னரும் குலவர்த்தனரும் சபையாரும் கடப்பாரை ஏந்திய வீரர்களும் ஆற்றோரம் புறப்பட்டார்கள். மாடக்கண்ணு கையில் ஒரு மரத்தட்டு. நீராடும் துறையில் மணலை அள்ளி, அரிசி களைவது போலத் தண்ணீரில் ஆட்டினார். மணல் வழிந்தோடியது, கனமான பொன் அடியில் தங்கியது. இரண்டொரு துகள்தான்.

கொஞ்சம் மேலே போய் மறுபடி அரித்தார். துகள் கூடியது. அடுத்த வளைவில் இன்னும் கூடியது. நேரே மலைக்கு நடப்பார்கள் என்று நம்பி வந்த குலவர்த்தனருக்கு வியர்த்தது.

ஓரிடத்தில் தட்டின் அடி முழுக்க மஞ்சளாக மினுங்கியது. அதைத் தாண்டி அரித்தார், ஒன்றுமில்லை. இன்னும் தாண்டி அரித்தார், வெறும் மணல்.

"மலை இன்னும் தூரத்தில் இருக்கிறது, நடங்கள்" என்றார் குலவர்த்தனர்.

"இதற்கு மேலே மணலில் பொன் இல்லை, ஐயா. ஆறு இனிமேல் கீழிருந்து மேலே ஓட வேண்டும் என்று தாங்கள் உத்தரவு போட்டிருந்தால் சொல்லுங்கள், மலைக்கே போகலாம்."

பிறகு தட்டை மன்னரிடம் நீட்டினார். "தடவிப் பாருங்கள் பெருமானே. மலையிலிருந்து உருண்டு வந்த பொன் கூழாங்கல் போல மழுங்கியிருக்கும். இது சுருள் சுருளாகக் கையைக் குத்துகிறது. பக்கத்தில்தான் பிறந்திருக்கிறது."

மன்னர் நிமிர்ந்து பார்த்தார். மஞ்சள் மினுங்கிய இடத்தில் ஒரு சாக்கடை ஆற்றில் விழுந்தது. அது குலவர்த்தனர் வீட்டுக் கொல்லையிலிருந்து வந்தது.

"பெருமானே, அது என் வீடு. பெண்கள் இருக்கும் இடம்."

"எவர் நிலமானாலும், எவர் தடுத்தாலும்" என்றார் மாடக்கண்ணு பணிவாக. "தங்கள் வாக்குதான். நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை."

வீரர்கள் சொன்னபடி செய்பவர்கள். கொல்லையைத் தோண்டினார்கள்.

"இங்க பாருங்கய்யா, அடுப்பு, அரம், ஒரு பானை" என்றான் ஒருவன் குழிக்குள்ளிருந்து.

பானை நிறையப் பொன் சீவல். அதன் மேலே, மன்னரின் மகுடத்தில் அவர் கண்ணுக்கு என்றைக்கும் படாத பின்பக்கத்து இதழ்கள். இரகசியமாகப் பொற்கொல்லனை வைத்து மகுடத்தைச் சுரண்டியவருக்கு, அவன் கை கழுவுவான், அந்தத் தண்ணீர் சாக்கடை வழியே ஆற்றுக்குப் போகும் என்பது தோன்றவில்லை, பாவம்.

மன்னர் தம் கழுத்தைத் தடவிக்கொண்டார். "அப்படியானால் கழுத்து வலுக்கவில்லையா?"

முதல் தடவையாகச் சபையார் ஒருவரும் ஆமென்று சொல்லவில்லை. மாடக்கண்ணுதான் சொன்னார்: "கழுத்து அதேதான், பெருமானே. மகுடம்தான் இளைத்தது."

மன்னர் கரையிலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். குலவர்த்தனரைச் சிறைக்கு அனுப்பினார். குன்றடியூர் மண்ணில் இனி எவரும் கடப்பாரை வைக்கக் கூடாது என்று ஆணையிட்டு, தம் முத்து மாலையைக் கழற்றி மாடக்கண்ணுவுக்குப் போட்டார்.

"வேறென்ன வேண்டும், கேள்."

"இந்த மரத்தட்டு என்னிடமே இருக்கட்டும், பெருமானே. புது அதிபதியாருக்கும் ஆற்றங்கரையிலேயே வீடு கொடுங்கள்."