தாளிக்காத ரசம்

தபால்காரர் போனதும் ஏகாம்பரம் அக்காவின் கடிதத்தை நின்றபடியே படித்தான். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

சாமி தோட்டத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். சின்ன மடம். அவரும் அவருடைய சீடன் இவனும்தான்.

"தையல்நாயகியா எழுதியிருக்கா?"

"ஆமா சாமி."

"படி, கேட்போம். அவ எழுத்து பக்கத்தில நின்னு பேசுற மாதிரி இருக்கும்."

எப்போதும் அப்படித்தான் வழக்கம். ஏகாம்பரம் கடிதத்தை எடுத்தான்.

"'தம்பி ஏகாம்பரத்துக்கு அக்காள் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் அத்தானும் குழந்தையும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். வாசல் முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது.'" எச்சிலை விழுங்கினான். "'கார்த்திகைக்கு நீ வர வேண்டாம். மடத்தில் வேலை இருக்கும். சாமிக்கு என் நமஸ்காரம்.' அவ்வளவுதான்."

சாமி மண்வெட்டியை நிறுத்தினார்.

"முருங்கைக்கும் கார்த்திகைக்கும் நடுவுல என்னத்தையோ முழுங்கிட்டே."

"ஒண்ணுமில்லை. ஏதோ சமையல் விஷயம்."

"உன் சமையலைச் சாப்பிட்டு நாக்குத்தான் செத்துப்போச்சு. காது நல்லாத்தான் இருக்கு. படி."

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"'அத்தானுக்குத் தாளிக்காத ரசம் இறங்கவில்லை. இருந்தாலும் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறார்.'"

அவர்கள் ஊர்ப் பக்கம் வீட்டில் யாருக்காவது அம்மை கண்டுவிட்டால் அடுப்பில் எண்ணெய் காயக் கூடாது. கடுகு வெடிக்கக் கூடாது. அம்மை என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

"யாருக்காம்?" என்றார் சாமி.

"எழுதலை."

சொல்லும்போதே அவன் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டிலிருந்து வந்த காகிதம். அதை வரப்பில் வைத்தான். சாமி குனிந்து எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி, தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அம்மாவுக்குக் கண்டபோது ஏகாம்பரம் சின்னப் பையன். அவனை எதிர்வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். வேப்பிலை செருகிய வாசலை அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருப்பான். உள்ளே அம்மாவோடு அக்கா இருந்தாள். அம்மாவை வெளியே கொண்டுவந்ததை அவன் பார்க்கவில்லை. அன்றைக்கு எதிர்வீட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"எனக்கு இன்னும் கண்டதில்லை சாமி. அம்மை குத்த வந்தப்பவும் வைக்கோல் போர்ல ஒளிஞ்சுகிட்டேன்."

"நீ ஒளிஞ்சிருப்பே."

"அக்காவே வர வேண்டாம்னு எழுதியிருக்கா."

"ஆமா."

"முடியலைன்னா அத்தான் ஆள் அனுப்பியிருப்பார்."

"அனுப்பியிருப்பார்."

"மாரியம்மன் கோயில்ல விளக்குப் போடுறேன்னு பதில் எழுதிடட்டுமா?"

"எழுது."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"எது சொன்னாலும் ஆமாங்கிறீங்களே சாமி."

"நீ இன்னும் எதையும் கேட்கலையே."

ஏகாம்பரம் வரப்பில் உட்கார்ந்தான். பிறகு கேட்டான்.

"நான் போகணுமா?"

"வர வேண்டாம்னு எழுதினவ, ரசத்தைப் பத்தி எதுக்கு எழுதினா?"

அக்கா பேனாவை வைத்துவிட்டு யோசித்திருப்பாள். பிறகு அந்த ஒரு வரியை எழுதியிருப்பாள். எழுதியதை அடிக்கவும் இல்லை.

"போனா எனக்கும் வந்துட்டா?"

"வரலாம்."

"செத்துட்டா?"

"சாகலாம்."

"பயப்படாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. இப்பவே கிளம்பிடறேன்."

சாமி மண்வெட்டியைக் கையில் எடுத்தார்.

"பயந்துகிட்டே நடந்தாலும் ஊர் வந்து சேரும்."