புறங்கை

"இருபத்துநாலு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கேன். ஒரே ஒரு தடவை உங்களுக்கு நன்றி சொல்ல விடமாட்டேங்கீங்களே, ஏம்மா?"

ஆவுடையப்பன் வாசலில் நின்றபடியே இதைக் கேட்டார். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியம் அது.

டாக்டர் செண்பகவல்லி ஓர் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"இந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடிங்க," என்றார்.

ஆவுடையப்பன் உள்ளே போய்ப் பிடித்தார். அவ்வளவுதான் பதில்.

கோவில்பட்டி ரயில் நிலைய ரோட்டில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரி நேற்றோடு மூடியாயிற்று. நாளைக் காலை ரயிலில் டாக்டரம்மா நாக்பூருக்கு, மகள் வீட்டோடு போகிறார். போனால் திரும்பி வருவது சந்தேகம். ஆவுடையப்பனுக்கு இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை.

கட்டில்கள் போய்விட்டன. சுவரில் காலண்டர் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் மூலைக் கட்டில் கிடந்த இடத்தையே பார்த்தார்.

அதில்தான் அவர் பதினோரு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அப்போது அவர் லாரி டிரைவர். தூத்துக்குடியில் உப்பு ஏற்றினால் சேலத்தில் இறக்குவார். வண்டிக்குள் செருப்புப் போட மாட்டார்; அவருக்கு வண்டிதான் சாமி. கிளட்ச் மிதிக்காத நேரத்தில் இடது காலைத் தூக்கிப் பக்கத்தில் இருக்கிற இன்ஜின் மூடி மேல் வைத்துக்கொள்வார். சாமி மேல் கால் வைக்கலாமா என்று கேட்டால் சிரிப்பார்.

சர்க்கரை வந்து அந்தக் கால் மரத்துப்போயிருந்தது அவருக்குத் தெரியாது.

ஒரு நாள் கறி வறுபடுகிற வாசனை வந்தது. சாத்தூர்ப் பக்கம் யாரோ புதிதாகப் புரோட்டாக் கடை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார். வண்டியை மெதுவாக்கிக் கடையைத் தேடவும் தேடினார்.

கடை எதுவும் இல்லை. வறுபட்டது அவருடைய கால்.

பாதிப் பாதம் போயிற்று. லைசென்ஸும் போயிற்று. பன்னிரண்டாம் நாள் அவர் டாக்டரம்மாவிடம் கேட்டார்.

"காலும் போச்சு, வண்டியும் போச்சு. இனி நான் இருந்து என்ன செய்ய?"

டாக்டரம்மா ஆறுதல் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற இன்னொரு சர்க்கரை நோயாளி படுத்திருந்தார். அவரை எழுப்பி உட்காரவைத்து, அவர் காலைத் தூக்கி ஆவுடையப்பன் மடியில் வைத்தார்.

"வழியில டீ குடிக்க வண்டியை நிறுத்தினா முதல்ல என்ன செய்வீங்க?"

"ஒரு சுத்துச் சுத்தி வந்து டயரைத் தொட்டுப் பார்ப்பேன். சூடு ஏறியிருக்கான்னு."

"உள்ளங்கையாலயா?"

"புறங்கையாலதான். உள்ளங்கை காய்ச்சுப் போயிருக்கும், அதுக்கு என்ன தெரியும்?"

"அப்பப் பாருங்க."

ஆவுடையப்பனுக்கு எரிச்சலாக வந்தது. சாகக் கிடக்கிறவனிடம் விளையாட்டா? ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. குதிகாலில் தொடங்கி மெதுவாக மேலே வந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே நின்றது.

"இந்த இடம் கொதிக்குது."

"அங்க ஒண்ணும் இல்லையே. தோல் நல்லாத்தான இருக்கு," என்றார் தீப்பெட்டி ஆபீஸ்காரர்.

டாக்டரம்மா கத்தி வைத்தார். உள்ளேயிருந்து சீழ் வந்தது.

இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் அந்தக் காலும் போயிருக்கும். டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வெளியே பெஞ்சுக்கு வந்துடுங்க. சர்க்கரை இருக்கிற பதினாலு பேர் காலைக் காட்ட உக்கார்ந்திருப்பாங்க."

ஆவுடையப்பன் கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு ஏழரைக்கே போய் உட்கார்ந்தார்.

அந்தக் காலை நேரங்கள்! டெட்டால் வாசனை, சர்க்கரை போடாத காபி, காலைக் காட்டக் கூச்சப்பட்டு வேட்டியை இழுத்து மூடுகிற காட்டுவேலைச் சம்சாரிகள். காலை நீட்ட மறுத்த ஒரு பாட்டியிடம் டாக்டரம்மா முக்கால் மணி நேரம் மல்லுக்கு நின்றதை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். இன்னொரு பிறவி கொடுத்தாலும் அந்தப் பெஞ்சுதான் வேண்டும் என்று அவர் மனைவியிடம் சொல்வார். வீடு வேண்டாமா என்று அந்த அம்மாள் கேட்பாள்.

பிறகு அவரே முக்காலியைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கும், பஸ் டிப்போவுக்கும், தீப்பெட்டி ஆபீஸ் வாசல்களுக்கும் போக ஆரம்பித்தார். சுற்றுவட்டாரத்தில் அவர் பெயர் நிறையப் பேருக்குத் தெரியாது. 'கால் பாக்குறவர்' என்றால் தெரியும்.

நன்றி சொல்லத்தான் வழி கிடைக்கவில்லை.

ஒரு பொங்கலுக்குப் பொன்னாடை வாங்கிப் போனார். டாக்டரம்மா அதை வாங்கி, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்த ஒருவருக்குப் போர்த்திவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். ரோட்டரிக்காரர்கள் நடத்திய விழாவில் மைக் கிடைத்தது. "நான் இன்னைக்கு உயிரோட நிக்கிறேன்னா" என்று ஆரம்பித்தார். முன்வரிசையிலிருந்து டாக்டரம்மா கை காட்டினார். மூன்றாவது வரிசையில் ஒருவர் செருப்பின் வார் அறுந்து வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். ஆவுடையப்பன் மைக்கை விட்டுவிட்டு அவரிடம் போகவேண்டியதாயிற்று.

இன்றைக்கு ஏமாறக்கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்.

"அம்மா, பேச விடாட்டாப் போங்க. உங்க காலில விழுந்து கும்பிட்டுட்டுத்தான் இந்த இடத்தை விட்டுப் போவேன்."

டாக்டரம்மா முதல் தடவையாக நிமிர்ந்தார்.

"உங்களுக்கு வயசு என்ன?"

"அறுபத்தொன்பது."

"எனக்கு அறுபது. வயசுல மூத்தவர் என் காலில விழுந்தா அது எனக்கு நல்லதா? ஊரைவிட்டுப் போற நேரத்துல எனக்குப் பாவம் சேர்க்காதீங்க. அந்தக் கத்தரியை எடுங்க."

ஆவுடையப்பன் கத்தரியை எடுத்துக் கொடுத்தார். வருத்தம் பொங்கிக்கொண்டு வந்தது. இந்த மனுஷி எதையும் வாங்கிக்கொள்ளவே மாட்டாரா? ஒருத்தன் மனசில் இத்தனை வருஷம் கிடந்து அழுத்துவதை இறக்கி வைக்க ஒரு நிமிஷம் தரமாட்டாரா?

டாக்டரம்மா அந்தப் பக்கம் திரும்பி அடுத்த பெட்டியை இழுத்தார்.

அதுதான் சமயம். ஆவுடையப்பன் மேஜையைப் பிடித்துக்கொண்டு, பாதிப் பாதத்தை மடக்கி, பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

கும்பிடுவதற்குத்தான் நீட்டினார். ஆனால் காலைத் தொட்டதும் அந்தக் கைகள் அவரைக் கேட்காமலே திரும்பிக்கொண்டன. புறங்கைகள் பாதத்தின் மேல் படிந்தன.

இடது கால் குளிர்ந்திருந்தது.

வலது கால் கொதித்தது.

"எந்திரிங்க ஆவுடையப்பன்! என்ன இது?"

"உக்காருங்க."

"முதல்ல நீங்க எந்திரிங்க—"

"உக்காருங்கன்னு சொல்லுதேன்லா!"

அந்த ஆஸ்பத்திரிக்குள் டாக்டரம்மாவிடம் யாரும் இதுவரை குரலை உயர்த்தியது கிடையாது. அவர் நோயாளி உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஆவுடையப்பன் டாக்டரம்மாவின் செருப்பைக் கழற்றினார். பளபளவென்று புத்தம் புதுசு.

"இது எப்ப வாங்கினது?"

"மக அனுப்பினா. பிரயாணத்துக்குப் பழகட்டும்னு மூணு நாளா போட்டிருக்கேன்."

"காலையில இருந்து ராத்திரி வரைக்குமா?"

"பெட்டி கட்டுற வேலை இருந்துச்சு."

"சர்க்கரை இருக்கா உங்களுக்கு?"

"பன்னெண்டு வருஷமா."

"இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூடச் சொல்லலையே. கடைசியா எப்ப உங்க காலைப் பார்த்தீங்க?"

டாக்டரம்மா அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார்.

கட்டைவிரலுக்குக் கீழே தோல் கொப்பளித்து உடைந்து, சிவந்து ஈரமாக இருந்தது. ஆவுடையப்பன் அதன் ஓரத்தில் விரலால் அழுத்தினார்.

"வலிக்குதா?"

"எது?"

ஆவுடையப்பன் விரலை எடுத்துக்கொண்டார். ஊர்க் கால் எல்லாவற்றையும் மடியில் வாங்கிப் பார்த்தாயிற்று. இந்த இரண்டு கால்களும் அவர் கண்முன்னாலேயே நடந்துகொண்டிருந்தன. ஒரு நாளும் பார்க்கத் தோன்றவில்லையே என்று அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"பஞ்சும் மருந்துத் தண்ணியும் எந்தப் பெட்டியில வச்சீங்க?"

"ரெண்டாவது. டேப் ஒட்டியாச்சு."

ஆவுடையப்பன் டேப்பைக் கிழித்தார். அதில் இல்லை. மூன்றாவதையும் கிழித்தார். காலையிலிருந்து அடுக்கியதெல்லாம் தரையில் பரவியது. பஞ்சும் மருந்தும் அடியில் கிடைத்தன.

"நாளைக்கு ரயில் கிடையாது. இந்தக் கால் தரையில படக்கூடாது. இப்பவே ஆட்டோ பிடிச்சுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். அவங்க சொன்னதுக்கு அப்புறம்தான் நாக்பூரு."

"டிக்கெட் போட்டாச்சே."

"கிடக்கட்டும்."

அவர் டாக்டரம்மாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பஞ்சை நனைத்து ஓரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தார். மூக்குக் கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்ததைக்கூடச் சரிசெய்யவில்லை.

டாக்டரம்மா அவருடைய நரைத்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கி வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"ஆவுடையப்பன்."

"ம்."

"என்னமோ சொல்லணும்னு வந்தீங்களே. சொல்லுங்க. இன்னைக்கு நான் தடுக்கமாட்டேன்."

ஆவுடையப்பன் நிமிரவில்லை.

"பேச்சுக் கொடுக்காதீங்கம்மா. காலை ஆட்டாம வையுங்க."