பத்தியம் மீறாத பதினெட்டு முழங்கால்

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாரு. ஊர் பேரு, ராசா பேரெல்லாம் கேக்காதீங்க, கதைக்குத் தேவையில்ல. அவருக்கு முழங்கால் வீங்கித் தேங்கா மாதிரி ஆயிருச்சு. நடக்க முடியல. குளிக்கப் போகப் பல்லக்கு, கோயிலுக்குப் பல்லக்கு, அடுத்த அறையில இருக்குற ராணிகூடச் சண்டை போடவும் பல்லக்கு.

அரண்மனை வைத்தியர் மாசிலாமணி வந்தாரு. நூத்தியெட்டு மூலிகை அரைச்சுப் பற்று போட்டாரு. "ஏழே நாள்ல வத்திரும் மகாராசா. புளி மட்டும் ஆகாது"ன்னாரு.

ஏழு நாள் ஆச்சு. வத்தல.

"மருந்து நல்ல மருந்து. சமையக்காரி குழம்புல புளி விட்டுட்டா. பத்தியம் கெட்டுப்போச்சு."

அவ புளியே விடல. யாரு கேட்டா? மொட்டையடிச்சு ஆத்துக்கு அந்தப் பக்கம் விரட்டிட்டாங்க.

அப்புறம் ரெண்டாவது சமையக்காரி வந்தா. மறுபடி பற்று, மறுபடி ஏழு நாள், வத்தல.

"கத்தரிக்கா வெட்டுன அருவாமனையில வேற காய வெட்டிட்டா மகாராசா."

அவளுக்கும் மொட்டை. அவளும் ஆத்துக்கு அந்தப் பக்கம்.

அப்புறம் மூணாவதா செம்பாயி வந்தா. உஷாரா வெறும் அரிசிக் கஞ்சிதான் வச்சா. மறுபடி பற்று, மறுபடி ஏழு நாள், வத்தல.

"கஞ்சியில தப்பில்ல மகாராசா. ஆனா கிண்டும்போது இவ மனசுல மீன் குழம்ப நினைச்சிருக்கா. அது கஞ்சியில இறங்கிருச்சு."

சிரிக்காதீங்க. ராசா நம்பிட்டாரு. வலியில கெடக்குறவன் எதையும் நம்புவான்.

நாவிதர் வந்து செம்பாயி கொண்டையப் பிடிச்சாரு. அவ, "கொஞ்சம் பொறுங்கண்ணே"ன்னு சொல்லி ராசா பக்கம் திரும்பினா.

"மகாராசா, உங்களத் தூக்கித் தூக்கிப் பல்லக்குக்காரங்க பதினெட்டுப் பேருக்கும் முழங்கால் வீங்கிக் கெடக்கு. ஆறு பேருக்கு வைத்தியர் பற்று போடட்டும். ஆறு பேருக்கு வெறும் தவிட்டுக் களியக் கட்டுவோம். மிச்சம் ஆறு பேருக்கு எங்க ஊர்ல கட்டுற மாதிரி நொச்சி இலைய வதக்கிக் கட்டுறேன்."

"நொச்சி கேக்குமா?"ன்னு ராசா கேட்டாரு.

"எனக்கும் தெரியாது. அதத்தான் பாக்கப் போறோம்."

"ஏய், கரண்டி பிடிக்கிறவளே! நீ சோத்துல எதையாவது கலந்து என் மருந்தக் கெடுப்ப"ன்னு வைத்தியர் குதிச்சாரு.

"நான் அடுப்புப் பக்கமே வரல. பதினெட்டுப் பேருக்கும் நீங்களே ஆக்குங்க, நீங்களே போடுங்க."

ராசா சரின்னுட்டாரு. வைத்தியர் உடனே வீக்கம் கம்மியா இருக்குற ஆளாப் பாத்துப் பொறுக்க ஆரம்பிச்சாரு. செம்பாயி விடல. ஒரு குடத்துல புளியங்கொட்டை ஆறு, சோழி ஆறு, கூழாங்கல் ஆறு போட்டா. எது எதுக்குன்னு சொல்லாம ஆளுக்கு ஒண்ணு எடுக்கச் சொன்னா. கையில வந்தபடி வைத்தியம். ராசாவே நூல் வச்சு ஒவ்வொரு முழங்காலையும் அளந்து முடிச்சுப் போட்டாரு.

ஏழு நாளும் வைத்தியர் புகையில கண்ணு எரிய எரிய கஞ்சி காச்சினாரு. பல்லக்குக்காரங்க, "என்ன வைத்தியரே, இன்னைக்கும் உப்பில்லையா?"ன்னு கேட்டுக்கிட்டே குடிச்சாங்க.

எட்டாம் நாள் ராசா கட்டெல்லாம் அவுக்கச் சொன்னாரு, அதே நூல வச்சு அளந்தாரு. தவிட்டுக் களி கட்டுனதுல ஒருத்தனுக்கு வத்தியிருந்துச்சு. நூத்தியெட்டு மூலிகை போட்டதுலயும் ஒருத்தனுக்குத்தான். நொச்சியில நாலு பேருக்கு.

வைத்தியருக்கு வழக்கமான பேச்சு வாயில வந்துருச்சு. "பத்தியம் மீறிட்டாங்க மகாராசா!"

"சமைச்சது யாரு?"ன்னு ராசா கேட்டாரு.

வைத்தியர் வாயத் தொறக்குறதுக்குள்ள ஓரத்துல இருந்த பல்லக்குக்காரன் ஒருத்தன், "மனசுல மீன் குழம்ப நினைச்சிருப்பாரு சாமி"ன்னான்.

ராசா சிரிக்கல. அவமானமா இருந்துச்சு அவருக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆள் அனுப்பி ரெண்டு சமையக்காரிகளையும் கூட்டிட்டு வந்து, அவங்களுக்கு முடி வளர்ற வரைக்கும் தானும் மொட்டையடிச்சுக்கிட்டு இருந்தாரு. தன் முழங்காலுக்கும் நொச்சியே கட்டச் சொன்னாரு. வைத்தியரப் பல்லக்குத் தூக்க விட்டாரு. ஒரே மாசத்துல வைத்தியர் முழங்காலும் தேங்கா ஆச்சு.

வைத்தியர் தன்னோட பற்றப் போடல, கவனிச்சீங்களா? நேரா செம்பாயிகிட்ட நொண்டிக்கிட்டே வந்தாரு.

"கொஞ்சம் கட்டி விடும்மா."

"கட்டுறேன் அய்யா. ஆனா ஆறுல ரெண்டு பேருக்கு இது கேக்கல. உங்களுக்கும் கேக்கலைன்னா, இலை உங்களுக்குக் கேக்கலைன்னுதான் அர்த்தம். மொட்டையடிக்க இங்க யார் தலையையும் தேடக் கூடாது."

"தேட மாட்டேன்"னு சொல்லிக் கால நீட்டினாரு.

அவ்வளவுதான். மருந்து வேலை செய்யுதான்னு தெரியணும்னா மருந்து போடாத ஆளையும் பக்கத்துல உக்கார வச்சுப் பாருங்க. கதையும் வத்திருச்சு, என் தொண்டையும் வத்திருச்சு. எந்திரிச்சுப் போங்க.