முப்பத்தொரு நூலக மென்பொருள்கள்

"இந்தத் தடவை சரியா இருக்கும் மேடம்" என்று நயினார் படிவத்தை மேசையில் வைத்தார்.

பேராசிரியை ரெபேக்கா தலைப்பை வாசித்தார். முகம் பார்த்து மனித உணர்ச்சிகளைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்.

"என் முகத்தைப் பாருங்க."

நயினார் பார்த்தார்.

"என்ன தெரியுது?"

"கையெழுத்துப் போடமாட்டீங்க."

"மென்பொருள் இல்லாமலே சொல்லிட்டீங்களே அண்ணாச்சி."

நயினாருக்கு நாற்பத்தாறு வயது. பகலில் நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். மாலையில் பொறியியல் கல்லூரியின் பகுதிநேர வகுப்பு. ரெபேக்காவுக்கு முப்பத்தொன்று. முதல் நாள் ரெபேக்கா வகுப்புக்குள் வந்தபோது நயினார்தான் ஆசிரியர் என்று நினைத்துப் பையன்கள் எழுந்து நின்றிருந்தார்கள். நயினாரும் எழுந்து நின்றார். எல்லோரும் உட்காருங்கள், அண்ணாச்சியும் உட்காருங்கள் என்றார் ரெபேக்கா. அன்றிலிருந்து மேடம், அண்ணாச்சி.

மென்பொருள் பொறியியல் பாடத்துக்கு ஆளுக்கொரு செயல்திட்டம் செய்ய வேண்டும். தலைப்புப் படிவம் அந்த வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குள் துறை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் பாடம் அடுத்த வருடம். ஜூனில் பட்டத்தோடு வந்தால் மில்லில் சூப்பர்வைசர் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் அந்த இடம் காத்திருக்காது.

முந்தைய வாரம் கொண்டுவந்த தலைப்பு, நிலநடுக்கத்தை முன்கூட்டியே அறியும் மென்பொருள்.

"திருநெல்வேலில கடைசியா எப்ப நிலநடுக்கம் வந்துச்சு?" என்று ரெபேக்கா கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சு வரலை மேடம்."

"எப்படிச் சோதிச்சுப் பார்ப்பீங்க?"

நயினார் யோசித்தார். "வர வரைக்கும் காத்துக் கிடக்கணும்" என்றார்.

இப்போது மணி ஐந்தேகால்.

"நீங்களே சொல்லுங்க மேடம். நல்ல தலைப்புன்னா எது?"

ரெபேக்கா தன் தேநீரைக் குடித்து முடித்தார்.

"லைப்ரரில பழைய மாணவர்களோட செயல்திட்ட அறிக்கை எல்லாம் இருக்கு. அதுல நூலக மேலாண்மைன்னு தலைப்பு போட்டது அத்தனையும் எடுத்துட்டு வாங்க."

"அத்தனையுமா?"

"அத்தனையும்."

நூலகத்தில் உலகம்மாள் இருந்தார். இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் நூலகராக இருக்கிறார். மேசையில் ஒரு நீள நோட்டு. பக்கத்தில் ஒரு கணினி, அதன் மேல் பூப்போட்ட துண்டு.

நயினார் கடைசி அலமாரியிலிருந்து கறுப்பு ரெக்சின் அட்டை போட்ட அறிக்கைகளைச் சுமந்து வந்து அடுக்கினார். மொத்தம் முப்பத்தொன்று. எல்லாவற்றிலும் தங்க எழுத்து.

"எல்லாமே வேணுமா?" என்றார் உலகம்மாள்.

"மேடம் கேட்டாங்க."

"அப்ப நோட்டுல ஏத்தணும். தலைப்பை வாசிங்க."

"நூலக மேலாண்மை அமைப்பு."

உலகம்மாள் எழுதினார். "அடுத்தது?"

"நூலக மேலாண்மை அமைப்பு."

"அடுத்தது?"

"மேம்படுத்தப்பட்ட நூலக மேலாண்மை அமைப்பு."

"மேம்பட்டுட்டாங்களா, சரி" என்று அதையும் எழுதினார்.

ஒன்பதாவது புத்தகத்தில் நயினாருக்குத் தொண்டை வறண்டது.

"ஏன்க்கா, இதுல ஒண்ணாவது இங்க ஓடுதா?"

"வைவா பரீட்சை அன்னைக்கு எல்லாமே ஓடும். முடிஞ்சதும் எனக்கு ஒரு லட்டு தருவாங்க. லட்டு வந்தா ஓடிருச்சுன்னு அர்த்தம்."

"மறுநாள்?"

உலகம்மாள் நோட்டைப் பேனாவால் தட்டினார்.

"செய்யறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒருத்தரும் கேக்கலையா?"

"கேட்டாங்களே. இந்த இடத்துல கையெழுத்துப் போடுவீங்களான்னு காட்டிக் கேட்டாங்க."

ஒரு பெண் வந்து நின்றாள். "அக்கா, நீல அட்டை."

"ஒல்லியா, தடியா?"

"தடி."

"மூணாவது அலமாரி, கீழ்த்தட்டு. ஓரத்துல தண்ணி பட்டது இருக்கும், அதை எடுக்காத. பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு."

தலையை நிமிர்த்தாமலே சொன்னார். அடுத்து ஒரு பையன்.

"அக்கா, போன வருசம் ஜெனிபா வச்சிருந்தாளே, அது."

"பைண்டிங்குக்குப் போயிருக்கு. வேற காப்பி தவளைப் படம் போட்ட புத்தகத்துக்குப் பின்னாடி நிக்கும் பாரு."

"தவளைப் படம் எங்க இருக்கு?"

"மூணு வருசமா இங்க படிச்சு தவளை தெரியலையாக்கும். சன்னல் பக்கம் போய்ப் பாருலே."

பையன் சிரித்துக்கொண்டே போனான். நயினார் பத்தாவது அறிக்கையைக் கையில் எடுத்தார். வாசிக்கவில்லை.

"யாருமே புத்தகத்தோட பேரைச் சொல்ல மாட்டேங்காங்களே."

"பேரு யாருக்குத் தெரியும்? எல்லாத் தடிப் புத்தகத்துக்கும் ஒரே மாதிரிதான பேரு வச்சிருக்கான்."

நயினார் கணினியின் மேலிருந்த துண்டை எடுத்தார். பழைய மாணவர் யாரோ செய்த தேடல் பக்கம் மெதுவாகத் திறந்தது. நீல அட்டை என்று தட்டினார். அப்படி ஒரு நூல் இல்லை என்று வந்தது. தவளை என்று தட்டினார். இல்லை. ஜெனிபா. இல்லை.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்லக்கா. நீங்க லீவு போட்டா என்ன செய்வாங்க?"

"லீவா? போன மாசம் தங்கச்சி மகளுக்கு நிச்சயதார்த்தம். மண்டபத்துல மேளம் அடிக்குது. தட்டைத் தூக்கிட்டு முன்னால போயிட்டிருக்கேன். போன் அடிக்குது. எடுத்தா ஒருத்தன், 'அக்கா, பச்சை அட்டை'ங்கான். நான் 'கிழிஞ்சதா கிழியாததா'ன்னு கத்துதேன். பக்கத்துல நின்ன சம்பந்தி பட்டுச்சேலையைக் குனிஞ்சு பார்க்காங்க."

இருவரும் சிரித்த சத்தத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். உலகம்மாள் அவர்களை நோக்கி உஸ் என்றார்.

"அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம்" என்று பிறகு சொன்னார். "மூணு நாள் லீவு எழுதிக் குடுத்திருக்கேன். அந்த மூணு நாளும் போனை அணைச்சு வச்சிரலாம்னு இருக்கேன். மனசு கேக்குமான்னு தெரியலை. பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம்."

நயினார் மில்லில் கருவிக் குறிப்பு எடுக்கும் சிறிய நோட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

"பச்சை அட்டைன்னு எத்தனை புத்தகத்தைக் கேப்பாங்க?"

"நாலு. எதுக்கு?"

"சொல்லுங்கக்கா."

"ஒன்பதுல நின்னுட்டோமே. மிச்சத்தை ஏத்த வேண்டாமா?"

"அப்புறம் ஏத்தலாம்க்கா. அது கிடக்கட்டும். நாலு பச்சையையும் சொல்லுங்க."

நயினார் திரும்பி வந்தபோது மணி ஆறு நாற்பது. ரெபேக்கா விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அறிக்கை எல்லாம் எங்க?"

"அங்கயே இருக்கு மேடம். நோட்டுல ஏத்தி முடியலை."

"ஒண்ணரை மணி நேரமாவா?"

"வேற எழுதிட்டிருந்தோம்." சிறிய நோட்டை நீட்டினார். கிரீஸ் விரல்ரேகைகளுக்கு நடுவே நாற்பத்தொரு வரிகள். ரெபேக்கா வாசித்தார்.

தடி நீலம். ஒல்லி நீலம். ஜெனிபா வச்சிருந்தது. தவளை. தவளைக்குப் பின்னாடி நிக்கிறது. ஆறாம் பாடத்தோட முடிஞ்சுபோன பச்சை. விடை மட்டும் இருக்கிற பச்சை. ஹாஸ்டல்ல எலி கடிச்சது. கணக்கு சார் திருப்பித் தராதது.

ரெபேக்காவின் உதடு அசைந்தது. அடுத்த பக்கம் புரட்டினார். தோள் குலுங்கியது. கடைசியில் விடைத்தாள் கட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சத்தமாகவே சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்து, நாற்பத்தொன்றின் கீழே ஒரு வரி எழுதினார்.

நயினார் எட்டிப் பார்த்தார். 'ஆரஞ்சு, நடுவில் டீ கொட்டியது.'

"இங்கதான் படிச்சீங்களா மேடம்?"

"டீ என்னோடது."

நயினார் புதிய படிவத்தை எடுத்து வைத்தார். பயன்படுத்துவோர் என்ற கட்டத்தில், முந்தைய இரண்டு படிவங்களிலும் எல்லோரையும் போல 'பொதுமக்கள்' என்று எழுதியிருந்தார். இந்தப் படிவத்தில் அங்கே 'உலகம்மாள், மூன்று நாள் விடுப்பில்' என்று இருந்தது. தொழில்நுட்பம் என்ற கட்டத்தில் இரண்டு சொற்கள் எழுதி அடித்திருந்தார்.

"பெருசா ஒண்ணும் இல்ல மேடம். அவங்க தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் போற மூணு நாளும், அவங்க சொல்லுறதைப் போட்டு வச்சு, கேக்குறவங்களுக்குக் காட்டணும். அலமாரி, தட்டு, அவ்வளவுதான். செயற்கை நுண்ணறிவு எதுவும் வராது. நூலகம்னு போட்டா முப்பத்திரண்டாவது ஆயிருமேன்னும் பயமா இருக்கு."

"கல்யாணம் எப்ப?"

"அடுத்த மாசம் பத்தொன்பது."

"அதுக்குள்ள ஓடுமா?"

"ஓடணும். போனை அணைக்கச் சொல்லிட்டு வந்துட்டேன்."

ரெபேக்கா கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். படிவத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார்.

நயினார் எடுக்கவில்லை. கையெழுத்தைப் பார்த்தார். படிவத்தின் மேல் பகுதியைப் பார்த்தார்.

"மேடம், தலைப்புக் கட்டம் காலியா இருக்கு."

"பார்த்தேன்."

"பார்த்துட்டா போட்டீங்க? ஆபீஸ்ல வாங்க மாட்டாங்களே. நல்லதா ஒரு பேரு நீங்களே வச்சுருங்க."

ரெபேக்கா பேனாவை மூடினார்.

"கால் மணி நேரம் இருக்கு அண்ணாச்சி. இதை என்னன்னு கூப்பிடுவாங்கன்னு உலகம்மாக்காகிட்ட கேட்டுட்டு வாங்க."